சிவசமுத்திரத்து ஒளியும் நம் கூரைகளின் பொறுப்பும்

தசரா நாட்களில் மைசூரின் தேவராஜ மொஹல்லா உறங்குவதில்லை. அரண்மனையில் ஏறத்தாழ 1 லட்சம் விளக்குகள் ஒரே நேரத்தில் ஒளிர்கின்றன. ஜம்பு சவாரி ஊர்வலம் செல்லும் சயாஜி ராவ் சாலை நெடுகிலும் வண்ண விளக்குத் தோரணங்கள் தொங்குகின்றன. 1886-இல் எழுப்பப்பட்ட டஃபரின் மணிக்கூண்டின் அருகே, தேவராஜா சந்தையின் மல்லிகைச் சரங்களும் நஞ்சன்கூடு வாழைத்தார்களும் குங்குமக் குவியல்களும் மின்விளக்கின் வெளிச்சத்தில் பகல் போலவே விற்பனையாகின்றன. திருவிழா முடிந்த பின்னரும் இப்பகுதியின் நூற்றுக்கணக்கான கடைகளும் வீடுகளும் மின்சாரத்தைக் கொண்டே இயங்குகின்றன. சுவிட்சைத் தட்டினால் வருவது என்று நாம் பழகிவிட்ட இந்த மின்சாரம், வரும் வழியில் எதை எரித்தது, எந்த நிலத்தை எடுத்துக்கொண்டது, எந்த ஊரை நகர்த்தியது என்று நாம் கேட்பது அரிது.

இக்கேள்விக்கு விடை காண மைசூரைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பயனையும் அதன் விலையையும், தீர்ந்துபோகும் வளத்தின் முடிவையும் ஒரே வரலாற்றில் கண்ட ஊர் இது. அந்த வரலாற்றை முதலில் நினைவுகூர்ந்து, பின்னர் வங்கி வாடிக்கையாளர்களாகிய நம்மிடம் அது எதிர்பார்ப்பது என்ன என்பதைக் கூற விரும்புகிறோம்.

ஆறு தந்த முதல் ஒளி

மைசூருக்குக் கிழக்கே சிவசமுத்திரத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக விழுகிறது. அந்த வீழ்ச்சியின் விசையிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை மைசூர் சமஸ்தானம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கையில் எடுத்தது. பாலக்காட்டுத் தமிழரான திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் அதற்குத் துணை நின்றார். பொறியாளர் ஜோலி டி லோட்பினியேர் அதை வடிவமைத்தார். கடல் கடந்து வந்த கனரக இயந்திரங்களை, சாலை வசதி இல்லாத அக்காலத்தில், மாட்டு வண்டிகளும் யானைகளும் இழுத்துச் சென்றன. 1902 ஜூன் மாதம் மின்சாரம் பாயத் தொடங்கியது. சேஷாத்ரி ஐயர் அதைக் காணவில்லை. 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

அந்த முதல் மின்சாரம் சென்றது மைசூருக்கோ பெங்களூருக்கோ அன்று. 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு. சுரங்கங்களின் இயந்திரங்களை ஓட்டுவதே அதன் முதல் பணி. உலகில் அன்றிருந்த மிக நீண்ட மின் கடத்துப் பாதைகளுள் அதுவும் ஒன்று. பெங்களூரின் தெருக்களுக்கு 1905-இலும், மைசூருக்கு 1908-இலும்தான் அந்த ஒளி வந்து சேர்ந்தது.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்னும் சொற்றொடர் வழக்கில் இல்லாத காலத்திலேயே மைசூர் அத்தகைய ஆற்றலால் விளக்கேற்றியது. நிலக்கரி வளமில்லாத சமஸ்தானம், தன் மண்ணில் ஓடிய ஆற்றையே எரிபொருளாகக் கருதியது. ஆயினும் அந்த ஆற்றலை அது செலவிட்டது, ஒருமுறை எடுத்தால் மீண்டும் விளையாத ஒரு பொருளைத் தோண்டுவதற்காக. இந்த இரண்டின் பிற்கால வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

தீர்ந்த வளம் விட்டுச் சென்றவை

தங்கவயலின் வரலாற்றில் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் சென்ற தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அச்சுரங்கங்களில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கியது. ஆழம் கூடக் கூட வெப்பம் கூடியது, செலவு கூடியது. கிடைத்த தங்கமோ குறைந்தது. 1956-இல் அரசுடைமையாகி, பின்னர் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பொறுப்பில் இயங்கிய அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. ஒரு நகரமே ஒரே நாளில் வேலையற்றதாயிற்று. இன்று அங்கிருந்து பல்லாயிரம் பேர் அன்றாடம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

தங்கம் போயிற்று, கழிவு போகவில்லை. பாறையை அரைத்து, சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்த பின் கொட்டப்பட்ட மண், கோடிக்கணக்கான டன் எடையில் குன்றுகளாக நிற்கிறது. அவ்வூர் மக்கள் அவற்றைச் 'சயனைடு மலை' என்றே அழைக்கின்றனர். காற்று வீசும் மாதங்களில் அக்குன்றுகளின் தூசி குடியிருப்புகளில் படிகிறது.

ஆனால் அச்சுரங்கத்துக்காகவே கட்டப்பட்ட சிவசமுத்திர நிலையம் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. தொடக்கத்தில் சில ஆயிரம் கிலோவாட் மட்டுமே தந்த அந்நிலையம், விரிவாக்கப்பட்டு 42 மெகாவாட் திறன் பெற்றது. புதுப்பிக்கத்தக்கது, புதுப்பிக்க இயலாதது என்ற பாகுபாட்டைப் பள்ளிப் பாடநூலின் வரையறையாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். அதன் முழுப் பொருளையும் கோலாரிலும் சிவசமுத்திரத்திலும் கண்ணால் காணலாம். தோண்டியெடுக்கும் வளம் தீரும்போது வருவாய் நிற்கிறது. அதன் கழிவைச் சுமக்கும் கடமையோ பின்வரும் தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆறும் இலவசமாக எதையும் தரவில்லை

இதைக் கொண்டு, நீரும் காற்றும் கதிரும் எந்த இழப்புமின்றி மின்சாரம் தருகின்றன என்று நாம் முடிவுகட்டினால் அது பிழையாகும். கோடையில் காவிரியின் நீர்வரத்து குறைந்தது. சுரங்கத்துக்கு வாக்களித்த மின்சாரத்தை ஆண்டு முழுவதும் தர வேண்டுமாயின் நீரைத் தேக்கியாக வேண்டும். பாசனத் தேவையோடு சேர்ந்து இத்தேவையும்தான் கண்ணம்பாடியில் அணை எழக் காரணமாயிற்று. தலைமைப் பொறியாளராக இருந்த சர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியில் 1911-இல் பணி தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணை, 1930-களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது.

அணை மண்டியா வயல்களைச் செழிக்கச் செய்தது. அதன் நீர்ப்பரப்பின் கீழ் பழைய கண்ணம்பாடி உள்ளிட்ட பல ஊர்கள் மூழ்கின. நீரில் அமிழ்ந்து கிடந்த வேணுகோபாலசுவாமி கோயில், அண்மைக் காலத்தில் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டுக் கரையில் மீண்டும் எழுப்பப்பட்டது. மூழ்கிய ஊர்களின் வாழ்க்கையை அவ்வாறு மீட்டெடுக்க இயலவில்லை. ஆற்று நீரைத் தேக்கியதன் பின்விளைவாக எழுந்த பங்கீட்டுச் சிக்கல், 1924 ஒப்பந்தத்திலும் முடியாமல் நம் காலம் வரை தொடர்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. புனல் மின்சாரம் மழையை நம்பியது. 2023-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது கிருஷ்ணராஜ சாகர் நிரம்பவில்லை. கர்நாடகத்தின் 200-க்கும் மேற்பட்ட வட்டங்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அணைகளில் நீர் குறைந்த வேளையில் வெப்பத்தால் மின் தேவை கூடியது. அத்தகைய ஆண்டுகளில் சுமை முழுவதும் நிலக்கரியின் மீது போய் விழுகிறது. பருவநிலை மாறுபட்டு மழை நிலையற்றதாகும்போது நீர் மின்சாரம் குறைகிறது. அதை ஈடுசெய்ய எரிக்கும் நிலக்கரி பருவநிலையை மேலும் கெடுக்கிறது. இந்தச் சுழற்சியை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நிலக்கரியின் மறைந்த கணக்கு

கர்நாடகத்துக்குச் சொந்தமாக நிலக்கரிச் சுரங்கம் இல்லை. 1985 முதல் இயங்கும் ராய்ச்சூர் அனல் மின் நிலையத்துக்கும், பின்னர் வந்த பல்லாரி நிலையத்துக்கும் கரி தொலைதூர வயல்களிலிருந்து சரக்கு ரயில்களில் வருகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடுகள் சில மணி நேரத்தில் புகையாகின்றன. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பலாகவே மிஞ்சுகிறது. சிமெண்ட் ஆலைகளும் செங்கல் சூளைகளும் அதில் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்வது நல்லதே. எஞ்சியது குட்டைகளில் சேர்கிறது. கந்தக டையாக்சைடும் நுண்தூசியும் பாதரசமும் காற்றில் கலக்கின்றன.

இந்தச் செலவைச் சுமப்பவர் யார் என்பதைத் தமிழ்நாட்டில் நெருங்கிப் பார்க்கலாம். சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. கொசஸ்தலை ஆற்றை நம்பி வாழ்ந்த மீனவர்கள் அதனால் பாதிக்கப்பட்டனர். நெய்வேலியில் 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம், தென்னிந்தியாவின் தொழில் வளர்ச்சிக்குப் பெரும் துணையாயிற்று. அதற்காக ஊர்கள் இடம்பெயர்ந்தன; சுரங்கத்தில் நீர் புகாமலிருக்க நிலத்தடி நீர் இடைவிடாமல் இறைக்கப்படுகிறது. நாம் செலுத்தும் மின் கட்டணச் சீட்டில் மீனவரின் வலைக்கோ உழவரின் கிணற்றுக்கோ ஒரு வரி இடம்பெறுவதில்லை.

பருவநிலை ஆய்வுக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு வகை மின்சாரமும் தொடக்கம் முதல் முடிவு வரை வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களை ஒப்பிட்டது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி ஏறத்தாழ 820 கிராம். இயற்கை எரிவாயு 490 கிராம். கூரைமேல் சூரிய ஒளித் தகடு 41 கிராம். நீர் 24 கிராம். அணுசக்தி 12 கிராம். நிலத்தில் நிறுவும் காற்றாலை 11 கிராம். இவை நடுமதிப்புகள், இடத்துக்கு இடம் மாறும். வெப்ப மண்டலத்து நீர்த்தேக்கங்களில் மூழ்கிய தாவரங்கள் அழுகி மீத்தேன் வெளிவருவதால், நீர் மின்சாரத்தின் அளவு சில இடங்களில் இதைவிட மிகும். ஆயினும் நிலக்கரிக்கும் ஏனையவற்றுக்கும் இடையிலுள்ள இடைவெளி எந்தத் திருத்தத்தாலும் மறையக்கூடியதன்று.

அணு மின்சாரத்தையும் இங்கே ஒதுக்கிவிட இயலாது. யுரேனியம் தீர்ந்துபோகும் வளமே. இருப்பினும் கரிமம் குறைவு, மழை பொய்த்தாலும் நிற்பதில்லை. கர்நாடகத்தின் கைகா நிலையத்தின் முதல் அலகு, 2018 டிசம்பர் 31 வரை 962 நாட்கள் இடைவிடாது இயங்கி உலகச் சாதனை படைத்தது. கழிவைப் பல தலைமுறைகள் காவல் காக்க வேண்டிய பொறுப்பு அதன் மறுபக்கம்.

இந்தியா இப்போது எங்கே நிற்கிறது? 2025-இல் நாட்டின் நிறுவப்பட்ட மின் திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் சாராததாயிற்று. 2030-க்குள் எட்ட வேண்டிய இலக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே கைகூடியது. பெருமைப்படத்தக்க செய்தி இது. ஆனால் திறனும் உற்பத்தியும் ஒன்றல்ல. சூரியத் தகடு பகலில் மட்டுமே உழைக்கிறது. அனல் நிலையம் இரவும் பகலும் உழைக்கிறது. ஆகவே நாம் பயன்படுத்தும் 10 யூனிட்டில் ஏறத்தாழ 7 யூனிட் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. காற்றும் கதிரும் நீரும் மிகுந்த கர்நாடகத்தின் நிலை இந்தச் சராசரியைவிட மேல். எனினும் நாடு முழுவதும் ஒரே மின் தொகுப்பாக இணைந்திருப்பதால், இங்கே மிச்சமாகும் யூனிட் வேறெங்கோ எரியும் கரியைக் குறைக்கிறது.

எங்கே நிறுவுகிறோம் என்பதே கேள்வி

நிலக்கரியைக் குறைத்தாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. குறைக்கும் வழியில் பழைய தவறுகள் புதிய பெயரில் திரும்பிவிடக் கூடாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

தும்கூர் மாவட்டத்தின் பாவகடா வட்டத்தில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா அமைந்துள்ளது. அடிக்கடி வறட்சி காணும் அந்த நிலத்தை அரசு விலைக்கு வாங்கவில்லை. உழவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு ₹21,000 என்று தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உயரும் வாடகை அது. நிலவுரிமை உழவரிடமே தங்கியதால், கண்ணம்பாடியின் கதை அங்கே திரும்பவில்லை. பிற மாநிலங்கள் பின்பற்றத்தக்க ஏற்பாடு என்றே கருதுகிறோம். எனினும் வாடகை போய்ச் சேர்வது நிலம் வைத்திருந்தவருக்கு. அந்நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. இத்தகைய திட்டங்கள் இக்குறையைத் தீர்க்க வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை மின்சாரமாக்கும் முப்பந்தல் காற்றாலைகளின் கீழே வாழைத் தோட்டங்கள் தொடர்ந்து விளைகின்றன. ராஜஸ்தானின் வறண்ட புல்வெளிகளிலோ, சூரிய, காற்று மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகளில் மோதிக் கானமயில்கள் மடிகின்றன. அப்பறவையினம் அழிவின் விளிம்பில் இருப்பதால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இன்னும் அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையில் சராவதிப் பள்ளத்தாக்கில் 2,000 மெகாவாட் நீரேற்று மின் சேமிப்புத் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்துள்ளது. சிங்கவால் குரங்குகளின் காட்டை அது குலைக்கும் என்பது சூழலியலாளர்களின் அச்சம். 1960-களில் லிங்கனமக்கி அணைக்காக இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலவுரிமைச் சிக்கலே அங்கு இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வேண்டாம் என்பதற்குச் சிலர் இவற்றைச் சான்றாகக் காட்டுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரே தொழில்நுட்பம் ஓரிடத்தில் நன்மையாகவும் வேறோர் இடத்தில் கேடாகவும் அமைகிறது என்பதையே இவை காட்டுகின்றன. ஆகவே வரிசை ஒன்று வகுத்துக்கொள்வது நல்லது. முதலில், செலவைக் குறைத்தல். அடுத்து, ஏற்கெனவே கட்டிடம் நிற்கும் இடத்தில் மின்சாரம் எடுத்தல். அதன் பின்னரே தரிசு நிலம். காடும் விளைநிலமும் கடைசி. இந்த வரிசையின் முதல் இரண்டும் நகரவாசிகளாகிய நம் கையில் உள்ளன.

தேவராஜ மொஹல்லா செய்யக்கூடியவை

இந்தப் பகுதியில் புதிதாக எடுக்க நிலமில்லை, கூரைகள் உண்டு. ஒரு கிலோவாட் சூரியத் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற கூரை போதும். தென்னிந்திய வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். நாட்டின் மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதாகக் கொண்டால், அக்கூரை ஆண்டுதோறும் சுமார் 3 டன்னைத் தவிர்க்கிறது. இதற்காக எந்த ஊரும் மூழ்குவதில்லை. எந்தக் காடும் வெட்டப்படுவதில்லை. நுகருமிடத்திலேயே உற்பத்தியாவதால் கம்பிகளில் ஏற்படும் இழப்பும் குறைகிறது.

"இரவில் வெயில் ஏது?" என்ற கேள்வி நியாயமானது. பகலில் கூரைகள் தரும் மின்சாரம் தொகுப்பின் சுமையைக் குறைக்கும்போது, சராவதி போன்ற புனல் மின் நிலையங்கள் பகலில் நீரைத் திறக்காமல் வைத்திருந்து மாலை உச்ச வேளையில் பயன்படுத்த முடிகிறது. அந்த அளவில் பகல் வெயில் அணை நீராகச் சேமிக்கப்படுகிறது எனலாம். எல்லாத் தேவையையும் கூரைகள் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. புதிய அணைக்கும் புதிய சுரங்கத்துக்குமான அவசரத்தை அவை குறைக்கும்.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், வீடுகளுக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ₹30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ₹18,000 என மொத்தம் ₹78,000 வரை மத்திய அரசின் மானியம் உண்டு. 3 கிலோவாட் வரையிலான அமைப்புக்குப் பொதுத்துறை வங்கிகள் பிணையின்றிக் கடன் தருகின்றன. கடைகளுக்கு இந்த மானியம் இல்லை. எனினும் கடைகளின் மின் செலவில் பெரும்பகுதி பகலில் நிகழ்வதாலும், வணிகக் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட மிகுதியாதலாலும், முறையாகக் கணக்கிட்டால் வணிகருக்கும் இது ஏற்ற முதலீடாகவே அமையும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான கடன்களை ரிசர்வ் வங்கி முன்னுரிமைத் துறைக் கடன்களில் சேர்த்திருக்கிறது.

மூன்று தடைகளை மறைக்காமல் பேச வேண்டும். முதலாவது, கட்டிடங்களின் வயது. 2012-இல் லேன்ஸ்டவுன் கட்டிடத்தின் ஒரு பகுதியும், 2016-இல் தேவராஜா சந்தையின் ஒரு பகுதியும் இடிந்து விழுந்ததை இப்பகுதி மறந்திருக்காது. ஓட்டுக் கூரையிலும் தளர்ந்த தளத்திலும் தகடுகளை ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. தகுதியுள்ள கட்டிடப் பொறியாளரின் சான்று பெற்ற பிறகே கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவது நலம். பாரம்பரியக் கட்டிடங்களின் முகப்பு தகடுகளால் மறையாமலிருக்கவும் வேண்டும்.

இரண்டாவது, கூரை ஒருவருடையது, கட்டணம் இன்னொருவருடையது என்ற நிலை. வாடகைக்கு இருப்பவர் செலவிட விரும்புவதில்லை. உரிமையாளருக்கு அதனால் உடனடிப் பயன் தெரிவதில்லை. வேறோர் இடத்தில் பலர் சேர்ந்து நிறுவும் தகடுகளின் உற்பத்தியை ஒவ்வொருவர் கட்டணத்திலும் பகிர்ந்து கழிக்கும் முறையைத் தில்லி 2019-இலேயே வகுத்தது. பழைய நகர்ப் பகுதிகளுக்கு அத்தகைய ஏற்பாடு எளிமையான விதிகளோடு வாய்க்க வேண்டும். வணிகர் சங்கங்கள் இதை வலியுறுத்திக் கேட்கலாம்.

மூன்றாவது, கட்டணமில்லா மின்சாரம். கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023 முதல், தகுதியுள்ள வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமின்றி வழங்குகிறது. எளிய குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதல். அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் கட்டணச் சீட்டில் சுழியம் தெரியும்போது சிக்கனத்துக்கும் கூரைத் தகட்டுக்குமான தூண்டுதல் குறைவது இயல்பு. கட்டணம் இல்லாத யூனிட்டும் எங்கோ ஒரு செலவில்தான் உற்பத்தியாகிறது. வசதியுள்ளோர் தாமாக முன்வந்து தகடு நிறுவினால், அந்த உதவி தேவைப்படுவோருக்கு நீண்ட காலம் நிலைக்கும்.

தகட்டுக்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. 60 வாட் குண்டு விளக்கின் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழி நாட்டில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் விநியோகமாயின. கர்நாடக நகரங்களின் மாடிகளில் பல ஆண்டுகளாக இருந்துவரும் சூரிய வெந்நீர்க் கலன், காலை நேர மின் சுமையைச் சத்தமின்றிக் குறைக்கிறது. பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றும்போது நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து வாங்குவது மற்றொன்று. எரிக்காத யூனிட்டுக்கு அணையும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம், தகடும் வேண்டாம்.

தகட்டின் முடிவையும் தொடக்கத்திலேயே சிந்திக்க வேண்டும். 25 ஆண்டுகள் உழைக்கும் தகடு அதன் பிறகு கழிவாகும். கண்ணாடி, அலுமினியம், சிலிக்கான், சிறிதளவு ஈயம் ஆகியவை அதில் அடங்கும். 2022-இன் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் சூரியத் தகடுகளையும் உள்ளடக்கியுள்ளன. வாங்கும்போதே உத்தரவாதத்தையும், பழுதானதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் உரிமை. கோலாரின் கழிவுக் குன்றுகள் நமக்குச் சொல்லும் அறிவுரை இதுவே.

நம் சேமிப்புக்கும் பங்கு உண்டு

1913-இல் விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலத்தில் மைசூர் வங்கி தோன்றியது. மக்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தொழில் வளர்ச்சிக்குத் திருப்புவதே அத்தகைய வங்கிகளின் பணி. அந்தப் பணி இன்றும் மாறவில்லை. நாம் வங்கியில் இடும் வைப்புத்தொகை பெட்டகத்தில் உறங்குவதில்லை. யாரோ ஒருவரின் ஆலையாகவும் வீடாகவும் மின் நிலையமாகவும் மாறுகிறது. அது எதுவாக மாற வேண்டும் என்பதில் வைப்பாளருக்கு இப்போது ஓரளவு தெரிவும் உண்டு. 2023 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்பு நெறிமுறைப்படி, அத்தகைய வைப்புகளில் திரளும் பணத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், ஆற்றல் சிக்கனம் முதலிய பணிகளுக்கே வங்கிகள் ஒதுக்க வேண்டும். எவ்வாறு ஒதுக்கின என்பதைத் தணிக்கைக்கு உட்படுத்தி வெளியிடவும் வேண்டும். அதே ஆண்டின் தொடக்கத்தில் இந்திய அரசு தன் முதல் பசுமைக் கடன் பத்திரங்களை வெளியிட்டு ₹16,000 கோடி திரட்டியது.

'பசுமை' என்ற பெயர் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் எந்த மாவட்டத்தின் எந்தத் திட்டத்துக்குச் சென்றது, அங்குள்ளோரின் நிலம் விலைக்கு வாங்கப்பட்டதா குத்தகைக்கு எடுக்கப்பட்டதா, காடு பாதிக்கப்பட்டதா என்று வைப்பாளர் கேட்கலாம். கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகினால் விடை தரும் அறிக்கைகளும் தெளிவு பெறும்.

ஆகவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கடந்த 12 மாத மின் கட்டணச் சீட்டுகளை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மாடிக்குச் சென்று காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை நிழல் விழாத பரப்பு எவ்வளவு என்று அளந்து பாருங்கள். கட்டிடத்தின் உறுதியை ஒரு பொறியாளரிடம் கேளுங்கள். அந்த மூன்று விவரங்களோடு உங்கள் வங்கிக் கிளைக்குச் சென்றால், மானியமும் கடனும் தவணையும் சேர்ந்து உங்களுக்கு ஏற்றதா என்பதை ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். ஏற்றதல்ல என்று விடை வந்தாலும் இழப்பில்லை. வீட்டில் எந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதாவது தெரிந்திருக்கும். ஏற்றது என்று வந்தால் தாமதிக்க வேண்டாம். வரும் தசராவுக்குள் இந்தப் பகுதியின் சில கூரைகளாவது தம் விளக்குகளின் செலவைத் தாமே ஏற்றுக்கொள்ளட்டும்.